உசிலம்பட்டியில் எடுத்த ரத்தம் மைனஸ் 80 டிகிரி ஃபிரீசருக்கு ஒழுங்காகப் போய்ச் சேர

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடித்துவிட்டுச் சர்க்கரை நோய், காசநோய் ஆராய்ச்சித் திட்டங்களில் களப்பணிக்கு வருகிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் டி.எம்.எல்.டி. படித்த லேப் டெக்னீஷியன். உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய் ரத்தமும் சளியும் வாங்கி மதுரைக்குக் கொண்டுவருவதுதான் என் சோலி. அணு சர்க்கரையை உடைக்கிற கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். சர்க்கரை பார்க்கிற சாம்பல் மூடிக் குழாயை ஏன் கடைசியில் நிரப்புகிறோம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்லூரியில் ரத்தம் எப்போதும் குழாய்க்குள் தயாராக இருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அது தரும் எண்ணை நம்பலாமா கூடாதா என்பது ஊசி குத்திய முதல் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடும். ஆகவே அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கிற பி.சி.ஆர். பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முந்தின நாள் சாயங்காலமே போய்விடுங்கள்

காலையில் வேனை விட்டு இறங்கி, அங்கேயே படிவத்தை நீட்டி, அங்கேயே கையெழுத்து வாங்கி, அங்கேயே குத்துகிற குழுக்கள் உண்டு. பசியோடும் வேலைக்குப் போகிற அவசரத்தோடும் நிற்கிறவர் எதற்கும் தலையாட்டுவார். அதை நான் சம்மதம் என்று எண்ணுவதில்லை. முந்தின நாள் சாயங்காலம், காட்டு வேலை, நூறு நாள் வேலையெல்லாம் முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற அக்காமாரைக் கூட்டிக்கொண்டு போனால் கதவு திறக்கும். ஆனால் எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அவர்களிடம் துருவாதீர்கள். அது சம்பந்தப்பட்டவர் வாயால் வர வேண்டியது.

படிவத்தை வாசிக்காதீர்கள், பேசுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கேட்பது, பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்று. 'மூலக்கூறு உயிரியல் பகுப்பாய்வு' என்பது தமிழாக இருக்கலாம், எழுமலைத் திண்ணையில் அது யாருக்கும் புரிகிற மொழி இல்லை. படிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். அவர் படிக்கத் தெரிந்தவராகவும் நம் குழுவைச் சேராதவராகவும் இருக்கட்டும். உங்கள் டிரைவரைச் சாட்சியாக்குவது செல்லாது. வேண்டாம் என்று சொன்னாலும் கிடைக்கிற மாத்திரை நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல பேர் மனதில் இருக்கிற பயம் அதுதான்.

"என் ரத்தத்த எங்க கொண்டுபோறீக? வித்துப்புடுவீகளா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி. எங்கே போகிறது, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், முடிவு அவருக்குத் திரும்ப வருமா என்று சொல்லுங்கள். மொத்தம் 12 மில்லி, ரெண்டரை டீஸ்பூன் என்று கையில் ஒரு ஸ்பூனை வைத்துக் காட்டுங்கள். அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது என்று வீட்டில் சமைக்கிறவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

வெள்ளன கேட்க வேண்டியது

"சாப்பிட்டீங்களா அப்பத்தா?" என்று கேட்டால் "இல்லத்தா" என்றுதான் வரும். அது பொய் இல்லை. ஒரு கடுங்காப்பியும் ரெண்டு பொறையும் அவர் கணக்கில் சாப்பாடே கிடையாது. கேள்வியை மாற்றுங்கள்: "எந்திரிச்சதுல இருந்து வாயில என்னென்ன போட்டீங்க?" அப்போதுதான் காப்பி வரும், வெற்றிலை வரும், காலையில் விழுங்கிய மாத்திரை வரும், தெருவில் தள்ளுவண்டியில் வாங்கிக் குடித்த பருத்திப்பால் வரும்.

சாப்பிட்டிருந்தால் திட்டாமல், என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு இன்னொரு நாள் வாருங்கள். மூன்று மாத சராசரிக்கு வெறும் வயிறு தேவையில்லை, அதற்கான ஊதா மூடிக் குழாயை அன்றே எடுத்துவிடலாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். ஆனால் இரும்புச் சத்துக் குறைவான ரத்தசோகையில் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சிவப்பணு சீக்கிரம் உடைகிற நோய்களில் குறைத்துக் காட்டும். ரத்தசோகை உள்ள பெண்கள் நம் ஊர்களில் நிறைய. அதனால் அதே ஊதாக் குழாயிலேயே ஹீமோகுளோபினும் பார்த்துப் பக்கத்தில் எழுதாத சராசரியை நான் முழு முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

காய்ச்சல் ஆய்வு என்றால் வேறு கேள்வி: காய்ச்சல் எத்தனையாவது நாள்? டெங்குவில் முதல் ஐந்து நாளுக்கு வைரஸையே தேடுகிற என்.எஸ்.1 அல்லது பி.சி.ஆர்., அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடுகிற ஐ.ஜி.எம். எலைசா. நாள் தெரியாமல் எடுத்த ரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. தேதி கேட்டால் யோசிப்பார்கள். வாரச் சந்தைக்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

குத்துவதும் நிரப்புவதும்

கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நரம்பு கிடைக்கவில்லை என்றால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். கையை மூடி மூடித் திறக்கச் சொல்லாதீர்கள், பொட்டாசியம் ஏறும். ஸ்பிரிட் காயட்டும், ஈரத்தோடு குத்தினால் எரியவும் செய்யும், சிவப்பணுவும் உடையும். மண்வெட்டி பிடித்த கையில் நரம்பு கயிறு மாதிரி தெரிந்தாலும் ஊசிக்கு நழுவும், கீழே தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிரிஞ்சில் எடுக்கிறவர்கள் அவசரத்தில் ஊசியோடு சேர்த்துக் குழாய்க்குள் வேகமாகப் பீய்ச்சுவார்கள். ரத்தம் உறைந்தபின் மேலே பிரியும் சீரம் பிறகு ரோஜாப்பூ நிறத்தில் வரும். உடைந்த சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம், எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. என்கிற என்சைம்கள் எல்லாம் வெளியே கொட்டி எண்களைக் கெடுக்கும். ஹீமோகுளோபினில் இருக்கும் ஹீம் பிற்பாடு பி.சி.ஆரையும் தடுக்கும். வெற்றிடக் குழாயும் அதற்குரிய ஊசியும் இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

குழாய்களின் வரிசை: ரத்தம் உறைதல் பரிசோதனை இருந்தால் வெளிர்நீலம் முதலில். பிறகு சீரத்துக்கான சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதாவில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ.வின் பொட்டாசிய உப்பு. அதில் ஒரு துளி சீரக் குழாய்க்குள் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற என்சைமும் இறங்கும். மஞ்சளில் அளவு குறைந்துவிட்டது என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்புகிற புத்திசாலிகள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அந்த எண்ணை அப்படியே நம்பினால், எதிரே உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறவர் உயிரோடு இருக்கவே முடியாது. பச்சை மூடியில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கிறது, அது பி.சி.ஆருக்கு எதிரி. டி.என்.ஏ. எடுக்க எப்போதும் ஊதாதான்.

ஊதாவையும் சாம்பலையும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்க வேண்டாம்.

பெயர்ச்சீட்டை ரத்தம் எடுத்த பிறகு, அந்த ஆள் எதிரே இருக்கும்போதே ஒட்டுங்கள். முன்கூட்டியே ஒட்டி வைத்தால் குழாய் மாறும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரே தெருவில் ஒச்சம்மாள்கள் பல பேர் இருப்பார்கள். ஆகவே பெயர் பதிவேட்டில் மட்டும்; குழாயில் எண்ணும் தேதியும் குத்திய மணியும். மணி எழுதாத சாம்பல் குழாயை நான் வாங்கவே மாட்டேன்.

சாம்பல் மூடியை ரொம்ப நம்பாதீர்கள்

குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் அதைவிட வேகம். இதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடியில் சோடியம் புளோரைடு. ஆனால் புளோரைடு தடுப்பது ஈனோலேஸ் என்கிற என்சைமை, அது கிளைகாலிசிஸில் கடைசிக்கு முந்தின படி. கடைமடையை அடைத்தாலும் தலைமடையில் கொஞ்ச நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? அந்த மாதிரி முதல் ஒன்று இரண்டு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டேதான் இருக்கும், பிறகுதான் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் சர்க்கரை நோய். உடம்பில் 130 இருக்கிற ஒருவரின் ரத்தம் ஒரு மணி நேரம் வேன் டேஷ்போர்டில் கிடந்தால் 122 ஆகிவிடும். நோயாளி ஒருவர் உங்கள் கட்டுரையில் 'நோய்க்கு முந்தைய நிலை'க்குப் போய்விடுவார். இப்படி நூறு பேர் என்றால், உசிலம்பட்டியில் சர்க்கரை குறைவு என்று முடிவுரையே எழுதிவிடலாம். வெயில்தான் அந்த முடிவுரையை எழுதியிருக்கும்.

செய்ய வேண்டியது, சாம்பல் குழாயை எடுத்த கையோடு உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் முக்கி வைத்து, அரை மணி நேரத்துக்குள் சென்ட்ரிபியூஜ் மெஷினில் வேகமாகச் சுற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுவது. வெறும் ஐஸ் போதாது, ஐஸ்தண்ணீர் வேண்டும். அதுதான் குழாயைச் சுற்றிலும் தொட்டுக் குளிர வைக்கும். சிட்ரேட் கலந்த சர்க்கரைக் குழாய் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

ஆனால் மஞ்சள் குழாயை அந்த ஐஸில் போட்டுவிடாதீர்கள். குளிரில் சிவப்பணுவின் சோடியம்-பொட்டாசியம் பம்ப் படுத்துவிடும், பொட்டாசியம் வெளியே கசியும். ரத்தம் உறையவும் தாமதமாகும். மஞ்சளை நிமிர்த்தி, நிழலில், அரை மணி நேரம் உறைய விடுங்கள். ஊதா மூன்றாவது வகை: குளிர்பெட்டியில் இருக்கட்டும், ஐஸ் பேக்கை நேராகத் தொடாமல் நடுவில் ஒரு துண்டு அட்டை. தொட்டால் உறைந்து அணுக்கள் வெடிக்கும். ஆக, ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு கிளம்புகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

ஆர்.என்.ஏ.க்கென்று மருந்து ஊற்றி வருகிற குழாய்களை முதல் இரண்டு மணி நேரம் அறை வெப்பத்தில் வைக்கச் சொல்லித் தாளில் போட்டிருக்கும். அந்தத் தாளை எழுதினவர் சொல்லும் அறை 18 முதல் 25 டிகிரி. கத்திரி வெயிலில் வேப்பமர நிழல்கூட அந்த அறை ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏ.சி. அறை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், அல்லது குளிர்பெட்டியில் தெர்மாமீட்டர் வைத்து 20-ஐ ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுற்றுவது

உசிலம்பட்டியிலிருந்து செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை வழியாக மதுரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரை மணி நேரக் கணக்கு அங்கேயே தோற்றுவிடும். அதனால் சென்ட்ரிபியூஜ் ஊருக்கு வர வேண்டும், ரத்தம் சென்ட்ரிபியூஜிடம் போகக் கூடாது. திட்டத்தில் இன்னொரு பரிசோதனைக் கிட் வாங்கப் பணம் இருந்தால் அதைக் கேட்காமல் மேசை மேல் வைக்கிற சின்ன சென்ட்ரிபியூஜ் ஒன்று கேளுங்கள். சொல்கிற இடத்தில் எல்லாம் சொல்லி வருகிறேன், கிட்டைத்தான் வாங்குகிறார்கள்.

'3000-இல் 10 நிமிடம்' என்று எழுதி வைத்திருப்பார்கள். அது பாதித் தகவல். ரோட்டரின் ஆரம் 15 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிடைப்பது சுமார் 1,500 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 1,500 மடங்கு விசை. ஆரம் 8 செ.மீ. உள்ள சின்ன மெஷினில் அதே 3000 சுற்றில் வெறும் 800 ஜி. கணக்கு இதுதான்: ஆரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்குங்கள். குழாயோடு வரும் தாளில் எத்தனை ஜி என்று போட்டிருக்கும், அதற்குத் தக்க சுற்றை மெஷினின் நெற்றியிலேயே எழுதி ஒட்டுங்கள். எதிரெதிரே எடை சமமாக வையுங்கள். மஞ்சள் மூடி ஜெல் குழாயை ஒருமுறை சுற்றியபின் மறுபடி சுற்றாதீர்கள், ஜெல்லுக்குக் கீழே ஊறிய பொட்டாசியம் மேலே வரும்.

பிரித்ததை அரை அரை மில்லியாகப் பல குப்பிகளில் போடுங்கள். ஒரே பெரிய குப்பியில் வைத்தால், நாளைக்கு ஒரு பரிசோதனைக்காக முழுவதையும் உருக்க வேண்டும். உருகி உறைகிற ஒவ்வொரு தடவையும் சில புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் கெடும். ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை அழியும், சாதாரண ஸ்டிக்கர் மைனஸ் 80-இல் உதிர்ந்துவிடும். குளிருக்கென்று விற்கிற ஸ்டிக்கரையே வாங்குங்கள். தானாக ஐஸ் கரைக்கிற வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் உதவாது, அது அடிக்கடி சூடேறி இறங்கும்.

மாதாமாதம் வரும் பராமரிப்பு மின்தடை எந்தப் பகுதிக்கு என்றைக்கு என்று பேப்பரில் போடுவார்கள். ஃபிரீசர் பொறுப்பாளர் முதலில் படிக்க வேண்டிய செய்தி அது. அன்றைக்கு ஜெனரேட்டரில் டீசல் இருக்கட்டும், ஃபிரீசர் கதவைத் திறக்கவே வேண்டாம்.

சளி

சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. காசநோய் வந்தால் சர்க்கரையும் தற்காலிகமாக ஏறும். அதனால்தான் ஒரே ஆளிடம் இரண்டையும் வாங்குகிறோம். காசநோய் மருந்து முடிந்தபிறகு சர்க்கரையை மறுபடி பார்க்கிறோம்.

சளியை வீட்டுக்குள்ளோ கழிப்பறையிலோ வைத்து எடுக்கச் சொல்லாதீர்கள். வெட்டவெளியில், காற்று உங்களிடமிருந்து அவர் பக்கம் போகிற மாதிரி நில்லுங்கள், என்-95 முகக்கவசத்தோடு. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். வெற்றிலை போட்ட வாய் என்றால் நன்றாகவே கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பைப் பார்த்து ரத்தம் என்று யாராவது எழுதிவைப்பார்கள். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சில் வேண்டாம், கெட்டியான சளி, 2 மில்லிக்குக் குறையாமல். "தொண்டையில இருந்து இல்ல மாமா, நெஞ்சுல இருந்து" என்று நீங்களே ஒருமுறை இருமிக் காட்டினால் புரிந்துகொள்வார்கள். விடியற்காலைச் சளி நல்லது. இரவு முழுக்கச் சேர்ந்தது.

சளியிலிருக்கும் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடுகிற சி.பி.நாட் மெஷினில் இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். கிருமி இருக்கிறதா என்பதோடு, ஆர்.பி.ஓ.பி. ஜீனில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் பார்த்து ரிபாம்பிசின் என்கிற காசநோய் மருந்து கேட்குமா கேட்காதா என்றும் சொல்லும். ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அதில் தெரியும். மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குக் குணமாகிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்தாதீர்கள்; அதற்குச் சளியைக் கண்ணாடியில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற ஸ்மியரும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரும்தான். கல்ச்சருக்குப் போகிற சளியைக் குளிர்பெட்டியில் கொண்டுவாருங்கள், உறைய விட வேண்டாம். காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும், வேறு பாக்டீரியா வெயிலில் அதற்குள் காடாகிவிடும். திரவ ஊடகத்தில் 42 நாள், திட ஊடகத்தில் 8 வாரம் வரை பொறுத்திருந்துதான் 'இல்லை' என்று சொல்ல முடியும்.

பி.சி.ஆர். மேசைக்கு வந்தபின்

இங்கே சுருக்கமாக. கலவை தயாரிக்கிற இடம், டி.என்.ஏ. சேர்க்கிற இடம், பெருக்குகிற இடம் மூன்றும் தனித்தனி. கடைசி அறையில் போட்ட கோட்டோடு முதல் அறைக்குத் திரும்பி வராதீர்கள். தட்டு நிரப்பும்போது சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்துக் கொட்டும், நிறுத்தத்தான் வேண்டும். டி.என்.ஏ. போடாத வெறும் குழியில் ஒளி ஏறினால் அன்றைய தட்டு முழுக்கக் குப்பை. சுத்தத்தைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் டி.என்.ஏ.க்கு 1.8, ஆர்.என்.ஏ.க்கு 2.0 பக்கம் இருக்கட்டும். ஒளி தெரிய எத்தனை சுற்றுப் பெருக்க வேண்டியிருந்தது என்று சொல்லும் சி.டி. எண்ணில் 3.3 வித்தியாசம் என்றால் அளவில் பத்து மடங்கு வித்தியாசம். சி.டி. கூடினால் கிருமி குறைவு. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள்.

கிளம்புவதற்கு முன்

ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள். ஊசி வெள்ளைநிறத் துளைபடாத டப்பாவுக்கு, சிரிஞ்சும் பிளாஸ்டிக் குழாயும் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஊர்க் குப்பைத்தொட்டியில் ஒன்றும் விழக் கூடாது. கையில் ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போடாதவர் களத்துக்கு வர வேண்டாம்.

முடிவுகளைப் பங்கேற்றவருக்குத் திரும்பக் கொடுப்பதற்கு வேலைத் திட்டத்தில் நாள் ஒதுக்கச் சொல்லுங்கள், ஒதுக்க மாட்டார்கள், விடாமல் கேளுங்கள். சர்க்கரை 300 என்று வந்தவருக்கு அச்சடித்த தாள் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே போன் போட வேண்டும். சளியில் காசநோய் என்று வந்தால் போன் வேண்டாம், நேரில் போங்கள். தெருவில் நின்று பேசாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து, அவரிடம் மட்டும் சொல்லுங்கள். மருந்து இலவசம், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு, குறிப்பாக 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவை என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.